கழுவி எடுத்துட்டுப் போன ஜீப்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, இது சத்தமாச் சொல்ற கதை இல்லை.

மலையூர் ஜீப் ஒண்ணுக்கு டயரெல்லாம் தேஞ்சுபோச்சு. புது டயர் வாங்க டவுனுக்குப் போறோமேன்னு, சொந்தக்காரர் மாதையன் அதைப் பளபளன்னு கழுவி எடுத்துட்டுப் போனார்.

"வண்டி எந்த ரோட்டுல ஓடுது?" என்று கடைக்காரர் கேட்டார்.

மலையூர்க்காரன்னு சொல்ல மாதையனுக்குக் கூச்சம். "தார் ரோடுதான்" என்றார்.

கடைக்காரர் வழவழன்னு ஒரு டயரை உருட்டிட்டு வந்தார். கல்லு, சேறு எதிலேயும் பிடிச்சு ஏறுற பட்டன் டயர் மூலையிலேயே கிடந்தது.

"டேய், இதைப் போட்டா மழையில நம்ம ஊர்ச் சரளை ரோட்டு வளைவுல நான் நிப்பேனா? உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைங்க இருக்குமே" என்று தன் பழைய முன் டயரிடம் முனகியது ஜீப்.

"பதறாதீங்கண்ணே. கழுவுறப்போ நான் ஒண்ணை மட்டும் விடலை" என்றது டயர்.

"என்னத்தடா?"

தேய்மானம் பார்க்கக் கடைக்காரர் குனிஞ்சு, அந்த முன் டயரோட பள்ளத்துல விரலை விட்டார். அதுவரைக்கும் இறுக்கிப் பிடிச்சிருந்த சரளைக்கல்லைச் செம்மண்ணோட அவர் உள்ளங்கையில மெள்ள உதிர்த்தது டயர்.