சாட்சித் துண்டு

சின்னத் துண்டின் ஓரத்தில் டேப்பை ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்து, ஒரே இழுப்பில் உரித்தாள்.

வெள்ளைப் பூச்சு டேப்போடு வந்துவிட்டது. அடியில் கார்பன் இழை கன்னங்கரேலென்று பல்லிளித்தது.

காலெலும்பில் பொருத்தும் கார்பன் பிளேட்டுக்கு, எலும்பில் இருக்கிற அதே தாதுவைப் பூசுவார்கள். உடம்பு அதைத் தன்னுடையது என்று நம்பிப் பற்றிக்கொள்ளும். பூச்சு உரிந்தால் பிடி போச்சு. உதிர்ந்த துகள் உள்ளே கிடந்து புரையோடினால் கால் மட்டுமல்ல, ஆளே போகலாம்.

பிளேட்டை உரித்துப் பார்த்தால் அது வீணாகிவிடும். அதனால் கூடவே ஒரு சின்னத் துண்டையும் அதே உலையில் வைத்துப் பூசுவார்கள். அதற்கு சாட்சி என்று பேர். அடிபடவே பிறந்த ஜென்மம்.

பெட்டியில் நோயாளியின் பெயர் இருக்காது, எண்தான். யாருக்கு என்பது மேனேஜருக்கு மட்டும் தெரியும்.

அந்த மேனேஜர் காலையிலிருந்து அவள் மேஜையையே சுற்றிக்கொண்டிருந்தார். இந்தச் சோதனையை மட்டும் வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். அவளுக்குச் சுருக்கென்றது. தலையாட்டுகிற ஆளாகப் பார்த்துக் கொடுக்கத்தானே? பிடுங்காத குறையாக வாங்கி வைத்துக்கொண்டாள்.

"ஓரத்துலதானேம்மா உரியுது. இது இன்னைக்குப் போகலேன்னா நாளைக்கு அந்த ஆளோட காலையே வெட்டி எடுத்துருவாங்க. அடுத்தது பூசுற வரைக்கும் தாங்காது."

யார் பெற்ற பிள்ளையோ என்று அவளும் நினைத்தாள். இன்னொரு டேப்பை எடுத்து நடுவில் ஒட்டி உரித்தாள். நடுவிலும் வந்தது.

இவருக்கு ஆர்டர் போகிறதே என்ற கவலை, வேறென்ன. அவர் முகத்தைப் பார்க்காமலே பிளேட் இருந்த பெட்டியில் சிவப்பு முத்திரையைக் குத்தினாள். குத்திய பெட்டி நேராக நொறுக்கும் இயந்திரத்துக்குப் போகும். யார் சொன்னாலும் திரும்பாது.

மேனேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை.

அவள் போன் அடித்தது. வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி. வண்டியிலிருந்து விழுந்ததில் காலில் லேசான அடிதான், பதறிக்கொண்டு வராதே என்று போன வாரம் சொன்னவன்.

"அக்கா, திட்டாத. உனக்குத் தெரிய வேணாம்னு உங்க மேனேஜரை நான்தான் கேட்டுக்கிட்டேன். நாளைக்கு எனக்கு ஆபரேஷன். உங்க கம்பெனி பிளேட்டுன்னு சொன்னதும் பயமே போயிருச்சு. நீ பாக்காம ஒண்ணும் வெளிய போகாதுல்ல?"

மேனேஜர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாதுடா" என்றாள்.