அசல் எடை

"ஆன்லைன்ல பழைய காசு வாங்காதீங்கப்பா. எல்லாம் டூப்பு. நல்லா தலையில மிளகா அரைச்சிடுவானுங்க" என்று மகன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான்.

பெரியவர் கேட்பாரா? முப்பது வருடமாகக் காசு சேர்க்கிறவர். 'காசுக்கிறுக்கன்' என்ற பெயரில், ஆன்லைனில் ஒரு பழைய வெள்ளிக்காசை விற்பவனைச் செல்போனில் குடைந்துகொண்டிருந்தார்.

"உங்களுக்கு இது எப்படிக் கிடைச்சது?"

"எங்கப்பா சேர்த்தது சார். போன மாசம் தவறிட்டாரு. வீட்ல யாருக்கும் இதோட அருமை தெரியல."

பெரியவருக்கு மனசு இளகிவிட்டது. அவரிடமும் அதே காசு ஒன்று இருந்தது, ஜோடி சேர்த்துவிடலாம். ஆனாலும் கறாராக எழுதினார்: "தராசுல வச்சு, எடை தெரியிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க தம்பி."

பத்து நிமிடத்தில் படம் வந்தது. எடை இம்மியும் பிசகவில்லை. அசல்தான். ஆனால் தராசின் உடைந்த மூலையில் நீல டேப் ஒட்டியிருந்தது. போன வாரம் சமையலறையில் உட்கார்ந்து அவரே ஒட்டிய டேப்.

அலமாரியைத் திறந்து ஆல்பத்தை எடுத்தார். அவருடைய காசு அதன் இடத்திலேயே இருந்தது. காந்தத்தை அருகில் கொண்டுபோனார். வெள்ளியை ஒருநாளும் சீண்டாத காந்தம், அதை டக்கென்று கவ்விக்கொண்டது.

செல்போன் மினுங்கியது. "எடை சரிதானே சார்? முடிச்சிடலாமா?"

சமையலறையில் தராசைத் திரும்ப எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

பெரியவர் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

"எடை சரிதான். ஆனா உங்கப்பா போன மாசம் சாகல தம்பி. இப்பதான் செத்தாரு."