அந்தப் பக்கத்து ரிமோட்

“எல்லாரும் ரிப்பேரைச் சரி பண்ணத்தான் கூப்பிடுவாங்க டெய்லரம்மா. நீங்க நல்லா இருக்கிறதை ரிப்பேராக்கச் சொல்றீங்களே!”

கேபிள்காரன் தோள் பையை இறக்காமலே வாசற்படியில் நின்றான்.

“ஆமா, அப்படித்தான். போன வாரம் வந்து ரிமோட்ல என்னமோ நம்பரை மாத்தினியே, அதைப் பழையபடி ஆக்கிடு. அந்தப் பக்கம் ரிமோட்டை அமுக்கினா என் டிவி மாறணும். நான் அமுக்கினா அங்க மாறணும்.”

“அன்னிக்கு என்ன குதி குதிச்சீங்க! ‘என் வீட்டு டிவியை இன்னொருத்தி ஆட்டி வைக்கிறா, நான் என்ன பொம்மையா’ன்னு கேட்டீங்க.”

“குதிச்சேன்பா. இப்ப காலு வலிக்குது. போதுமா? உள்ள வா.”

அவள் வாயைத் திறந்தாலே சிரிப்பவன், இன்று சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றக்கூட நேரம் எடுத்துக்கொண்டான்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கூடம். அம்மா போனபிறகு பெண்கள் இரண்டு பேருக்கும் பாதிப் பாதியாக்கியபோது, “செங்கல் சுவரே எழுப்பிடலாம், மூஞ்சியில முழிக்க வேணாம்” என்றாள் டெய்லரம்மா. “வெளிச்சமாவது வரட்டும், கண்ணாடி போடு” என்றாள் தங்கை. இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான். நடுவே மங்கல் கண்ணாடித் தடுப்பு வந்தது. ஆள் தெரியாது. தங்கையின் வாசல் அடுத்த தெருப் பக்கம் போய்விட்டது.

“இப்ப என்ன கஷ்டம் உங்களுக்கு? உங்க டிவி உங்க கையில” என்றான் கேபிள்காரன்.

“அதாண்டா கஷ்டம். நான் பாட்டு வைப்பேன், அவ நியூஸுக்கு மாத்துவா. மறுபடி பாட்டு வைப்பேன், மறுபடி நியூஸு. ‘நியூஸ் பைத்தியமே, உலகத்தையே நீதான் நடத்தறியா’ன்னு டிவியைப் பார்த்துக் கத்துவேன். அந்தப் பக்கம் தொண்டையைக் கனைப்பா. அது சிரிப்பை அடக்கற கனைப்பு. எனக்குத் தெரியாதா? அவ பொறந்ததிலேர்ந்து கேக்கறேன்.”

“ம்.”

“மிஷின்ல குனிஞ்சா எனக்கு உலகமே மறந்துடும். சீரியல் நேரத்துக்கு டிவி தானா ஓட ஆரம்பிக்கும். நாற்காலியிலேயே கண் அசந்துட்டா சத்தம் தானா குறையும். அப்பல்லாம் எரிச்சலா வந்துச்சு. அன்னிக்கு ஒரு படத்துல, ஓடிப்போன பொண்ணு திரும்பி வர்ற இடம், சரியா அங்க நியூஸுக்கு மாத்திட்டா. வந்த கோவத்துல உன்னைக் கூப்பிட்டுட்டேன்.”

மிஷின் மேல் பாதியில் நின்ற ரவிக்கைக் கையை நீவி விட்டபடி நின்றாள்.

“இந்த ஒரு வாரமா நானே போட்டு நானே அணைக்கிறேன். மிஷினை நிறுத்தினா வீடு பாழுங்கிணறு மாதிரி கெடக்கு.”

“கதவைத் தட்டி ரெண்டு வார்த்தை பேசியிருக்கலாமே?”

“தட்டி என்னன்னு சொல்றது? இத்தனை வருஷம் கழிச்சு வாய் வருமா? பட்டன்னா அமுக்கிடலாம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அவளும் டிவியே போடலை, பார்த்தியா? கோவம்! அப்படியே எங்கம்மா புத்தி. கோவம் வந்தா எல்லாத்தையும் நிறுத்திட்டு மூலையில உக்காந்துக்குவா. நான் இங்கேர்ந்து நியூஸைப் போட்டு விடறேன். பாட்டு இல்லை, அவளோட நியூஸு. அக்கா எறங்கி வந்துட்டான்னு அவளுக்குப் புரிஞ்சுடும்.”

“டெய்லரம்மா, இன்னொரு நாள் பார்த்துக்கலாமே...”

“இன்னிக்கே! நழுவாதே, முடிச்சுட்டுப் போ.”

அவன் டிவியோடு இருந்த கேபிள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து ரிமோட்டில் எண்களைத் தட்டினான். எப்போதும் அரை நிமிடத்தில் முடிக்கிற வேலைக்கு இன்று கை ஓடவில்லை.

“ஆச்சு.”

டெய்லரம்மா ரிமோட்டை வாங்கிக்கொண்டு கண்ணாடித் தடுப்பின் அருகில் போனாள். அமுக்கினாள். இந்தப் பக்கம் டிவி செய்தி வாசிக்க ஆரம்பித்தது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

மறுபடி அமுக்கினாள். ரிமோட்டைக் கண்ணாடியிலேயே ஒட்டி வைத்து அமுக்கினாள்.

“தூங்கறாளோ? இல்லை, வேணும்னே அணைக்கிறாளோ? செய்வா, செய்வா. அழுத்தக்காரி!”

“அங்க பெட்டியே இல்லைம்மா.”

டெய்லரம்மா திரும்பினாள்.

“நான் மாத்தின மறுநாள் கூப்பிட்டு, ‘யார் மாத்தச் சொன்னா’ன்னு கேட்டாங்க. நீங்கதான்னு சொன்னேன். அப்புறம், ‘பெட்டியைக் கழட்டிக்கோ, பையன் ரொம்ப நாளா கூப்பிடறான், அவன்கூடவே போய் இருந்துடறேன்’னாங்க. அன்னிக்கே கெளம்பிட்டாங்க. இனிமே வர்ற மாதிரி தெரியலை.”

“போயிட்டாளா? ஒரு ரிமோட்டுக்காகவா? ரெண்டும் ஒரே கம்பெனிப் பெட்டி, அதனாலதான் தானா மாறுதுன்னு அன்னிக்கு நீதானேடா சொன்னே?”

“உங்ககிட்ட அப்படிச் சொல்லச் சொன்னதே அவங்கதான். பெட்டி வாங்கின அன்னிக்கே, அக்கா ரிமோட்டோட நம்பரையே என் ரிமோட்டுக்கும் போட்டுக் குடுன்னாங்க. ‘பேசத்தான் மாட்டேங்கறா, என்னைத் திட்டவாவது திட்டட்டும்’னாங்க.”