முப்பதாவது பிள்ளை

மகளின் வாசிப்புப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கக் கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்துக்கு வந்த றோஸி, வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே, 1938ஆம் ஆண்டுப் பரீட்சையை நடத்தி முடித்த அரசாங்க இன்ஸ்பெக்டர் முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார்.

“முப்பது பேரும் பாஸ். கணக்கில் ஃபிலோமினா முதல்.”

“என்ட மகள், ஐயா,” என்றாள் றோஸி.

“கெட்டிக்காரி. மேல படிப்பியுங்கோ.”

தலைமை ஆசிரியர் சூசைதாசன் விரைந்து வந்து அவள் காதருகே குனிந்தார்.

“முப்பது பிள்ளையள் இல்லாட்டி வகுப்பை மூடிப்போடுவாங்கள், றோஸி. அவளின்ட பேரில வேற பிள்ளைய இருத்தினனான். காட்டிக் குடுத்திராதைங்கோ.”

நெருப்புக் காய்ச்சலில் போன ஃபிலோமினாவை மாதம்பிட்டி மயானத்தில் அடக்கி, அன்றைக்கு நாற்பதாம் நாள்.

றோஸி இன்ஸ்பெக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பேரை இன்னொருக்கா வாசியுங்கோ, ஐயா.”