படி திரும்பும் இடம்

"தினமும் நூறு கேம் வந்து குவியுது அத்தான். உங்களோடதை மட்டும் எவன் எடுப்பான்? இதுல என்ன புதுசு?"

அத்தான் இரண்டு வருடம் தனி ஆளாகச் செய்த விளையாட்டு, மறுநாள் வெளியீடு.

கைபேசியில் அதை ஆடிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் சலித்துக்கொண்டான்.

"ஹீரோ வேற மக்கர் பண்றான். படி திரும்புற இடத்துலெல்லாம் நின்னு கீழ பார்க்கிறான். அங்க ஈ காக்கா இல்ல. பத்து எண்ணினாத்தான் ஏறுறான்."

"நான் படி ஏறுறதைப் படம் எடுத்துத்தான் அவனுக்கு நடை கொடுத்தேன். எங்கயோ பிசகிடுச்சு. எடுத்துடறேன்."

"முதல்ல ஒரு டீ குடிக்கலாம், வாங்க."

குடித்துவிட்டுத் திரும்பினார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். வீடு மூன்றாம் மாடியில். முன்னால் ஏறிய மச்சினன், காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பிப் பார்த்தான்.

படி திரும்பும் இடத்தில் அத்தான் நின்றிருந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி, யாருமில்லாத கீழ்ப்படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி மாதங்களில் அக்கா மூச்சு வாங்க உட்கார்ந்த படிகள். அவள் போய் எட்டு மாதமாகிறது.

"அத்தான், அதை எடுத்துடாதீங்க. அது வேற எந்த கேம்லயும் இல்ல."

"எதை?" என்றார் அத்தான், கீழே பார்த்தபடியே.