நீ சொன்னா சரிதான்

தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு எஸ்தரின் பேச்சு போன் வழியாகத்தான் கேட்கும். அவள் தொண்டையில் பதித்த குரல்பெட்டிக்கு, போனில் தனியாகச் சேர்க்கவேண்டிய ஒரு துணை மென்பொருள், ஒரு பிளக்-இன் உண்டு. அது உள்ள போன் மட்டுமே அவள் சொல்வதை, அந்தப் போனை வைத்திருப்பவரின் காதுக்குள் கொண்டுவரும்.

கணவன் ஜெயசீலன் பிளக்-இன்களின் பரம எதிரி. "எந்த வசதியும் எல்லாருக்கும் பொதுவான முறையில வரட்டும். இல்லேன்னா நம்ம போன்ல இடமில்லை" என்று தன் போன் கம்பெனிக் கூட்டத்தில் மேசையைத் தட்டி ஜெயித்தவன். திங்கட்கிழமை, பிளக்-இன் எதையும் ஏற்காத கம்பெனியின் புதுப் போன் அவன் கைக்கே வந்தது. மாற்றிய நிமிடமே அவனுக்கு மனைவியின் குரல் நின்றுபோனது.

அதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பொதுமுறை வரும்வரை சமாளிக்கலாம் என்று நினைத்தான். அவள் உதடு அசைந்தால் "ம்" என்றான். சிரித்தால் சிரித்தான். நீளமாகப் பேசினால், "நீ சொன்னா சரிதான்" என்றான்.

வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது எஸ்தரின் உதடு ஏதோ கேட்பதுபோல் அசைந்தது.

"செஞ்சிடலாம்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

எதிரே மகள் பெனிட்டா சாப்பிடாமல் அவனையே பார்த்தாள். அவளிடம் இன்னும் பழைய போன்தான்.

"அம்மா என்னப்பா கேட்டாங்க?"

"அதான் சரின்னுட்டேனே."

"நேத்திலேருந்து அம்மா உங்ககிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசலைப்பா. சும்மா வாயைத்தான் அசைக்கிறாங்க."

எஸ்தர் அவன் தட்டில் ஒரு அப்பளத்தை வைத்தாள். இந்த முறை உதட்டை அசைக்கவில்லை. ஜெயசீலன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.