அலாஸ்கா ரயிலில் கண்ட காட்சிகள்

என் ஆயுளில் முதல்முறையாக உண்மையைச் சொன்னேன். பத்மநாதன் நம்பவில்லை.

"சும்மா என்னைத் தேத்திறியள், அண்ணை."

அவர் கையில் போன் இருந்தது. திரையில் மகன் லக்சனின் பெயர். வான்கூவரில் அவன் எழுந்து பல் விளக்கும் நேரம். அமுக்கி, அந்த ரயில் வேண்டாம் என்று சொன்னால் முடிந்தது.

ஆறு வருடமாகப் பார்க்காத மகன். அப்பாவை அந்த ரயிலில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே லீவு முழுவதையும் எடுத்து வைத்திருக்கிறான்.

அவனுக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் நான்தான்.

வளைகுடாவில், சோஹார் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, பக்கத்திலேயே முவைலாவில் மகள் அருணாவின் ஃபிளாட்டில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் பக்கத்து ஃபிளாட் பத்மநாதன் டீ குடிக்க வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டாவது மாடியிலேயே பால்கனிக்குப் போகமாட்டார். கதவுக்கு உள்ளே நின்று கையை மட்டும் நீட்டித் துணி காயப்போடுவார்.

போன வருடம், அமெரிக்காவில் இருக்கும் என் மகன் என்னையும் மனைவி சரோஜாவையும் அலாஸ்காவுக்குக் கப்பலில் அனுப்பிவைத்தான். நூறு வருடங்களுக்கும் முன்னால் தங்கம் தேடி ஓடிய கூட்டத்துக்காக மலையைக் குடைந்து போட்ட ரயில் அங்கே இன்னும் ஓடுகிறது. மரப்பெட்டிகள். ஒருபக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை.

ஏறினோம், இறங்கினோம், ஊர் வந்து சேர்ந்தோம். அதன்பிறகு அந்த மலையை வாரம் ஒரு அடி வளர்த்தேன்.

பாலத்தில் ஏறும்போது யாரும் தும்ம வேண்டாம் என்று கார்டு கைகூப்பிக் கேட்டுக்கொண்டார் என்றேன். கழுகுகள் எங்களை அண்ணாந்து பார்த்தன என்றேன். ஒரு பெண்ணின் தொப்பி பள்ளத்தில் விழுந்தது, நாங்கள் உச்சிக்குப் போய்த் திரும்பும்போதும் அது இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது என்றேன்.

பத்மநாதன் சோபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்பார். கேட்ட பயத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாமல் அன்றே லக்சனுக்குப் போன் போட்டு ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவார்.

பையன் என்ன நினைப்பான்? அப்பாவுக்கு அந்த ரயில்மேல் உயிர் என்று நினைத்துவிட்டான். டிக்கெட் எடுத்துவிட்டான். அதுவும் பள்ளத்துப் பக்கமாகப் பார்த்து.

ஆகவே இன்று நான் மலையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். பாலம் இரும்புப் பாலம் என்றேன். கழுகு காக்கையாகக்கூட இருக்கலாம் என்றேன். தொப்பி உடனே விழுந்துவிட்டது என்றேன்.

பெரிதாக்கியபோது ஒரு சொல் விடாமல் நம்பிய மனிதர், சிறிதாக்கும்போது வக்கீலாகிவிட்டார்.

"மெய்யாச் சொல்லுங்கோ. கீழ பாத்தா தலை சுத்துமோ?"

வாயைத் திறந்தேன். பேச்சு வரவில்லை. இதுவும் என் ஆயுளில் முதல்முறை.

"கலாஸ், முடிஞ்சுது அண்ணை" என்று அவர் போனைத் தூக்கினார்.

சோபாவின் மறுகோடியில் கொத்தவரங்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்த சரோஜா தட்டைக் கீழே வைத்தாள்.

"கீழ என்ன இருந்துச்சுன்னு இவர்கிட்டயா கேக்குறீங்க? வண்டி கிளம்புனதும் கண்ணை மூடுனவரு. திரும்பி வந்து நிக்கிற வரைக்கும் மூஞ்சி என் தோள்லதான் கெடந்துச்சு. என்னடி தெரியுது, என்னடி தெரியுதுன்னு ஒரே நச்சரிப்பு. நான் காதுல சொன்னதைத்தான் இங்க வந்து அளந்துக்கிட்டு இருக்காரு."

பத்மநாதன் என்னைப் பார்த்தார். நான் ஏசியைப் பார்த்தேன்.

அவள் சொன்னது உண்மை. தொப்பியும் அவள் சொன்னதுதான். திரும்பி வரும்வரை விழுந்துகொண்டிருந்தது என்பது மட்டும் என் கைச்சரக்கு.

பத்மநாதன் போனை மடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கடைசியில் ஒரு நம்பகமான சாட்சி கிடைத்த முகம்.

"அப்ப நீங்கள் பாத்தனீங்கள்தானே, அக்கா. நீங்கள் சொல்லுங்கோ. உண்மையில என்ன இருந்தது?"

சரோஜா ஒரு கொத்தவரங்காயை எடுத்தாள். நார் உரித்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"நான் எங்க பாத்தேன்" என்றாள். "எனக்கும் பயந்தான். நானும் மூடிக்கிட்டேன். இவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு. பாவம், எதையாவது சொல்லணும்ல."



முப்பத்தெட்டு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். வீட்டில் பெரிய புளுகன் நான்தான் என்று நிம்மதியாக இருந்தேன். கழுகை அண்ணாந்து பார்க்க வைத்தவள் இதே சோபாவில் காய் உரித்துக்கொண்டிருக்கிறாள். பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

பத்மநாதனின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்தார், போனை எடுத்தார், அமுக்கினார்.

"தம்பி, அந்த ரயிலில நீ எனக்குப் பக்கத்திலதானே இருப்பாய்?"

மறுமுனையில் பையன் என்னவோ சொன்னான்.

"அப்ப சரி. நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வருவன். நீ சொல்லிக்கொண்டு வா."